அப்பாவின் உப்புத் தேர்

அருள்மொழியின் அப்பா தட்சணாமூர்த்திக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. அது பகலில். சாயங்காலமானால் அவருக்கு ஆயிரம் வேலை. பட்டம் செய்வார். புல்புல்தாரா வாசிப்பார். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவைப் பிரித்துப் போட்டு, "இதுல என்னமோ கோளாறு இருக்குது" என்பார். பிரித்த பிறகு நிச்சயமாக இருக்கும்.

அவர் காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்று அவருடைய முதல் திவசம். அவருக்குப் பிடித்ததையெல்லாம் அவர் படத்துக்கு முன்னால் வைத்துப் படைக்க வேண்டும்.

"அப்பா சாமானுங்களைத் தொடச்சி எடுத்து வை, அருளு. உப்புத் தேரு நடுவுல இருக்கணும்," என்றார் அம்மா.

உப்புத் தேர் அப்பா கடைசியாகச் செய்தது. மூங்கில் குச்சிகளைத் தேர் போலக் கட்டி, நூல் சுற்றி, உப்பளத்துப் பாத்தியில் ஊறவைத்தார். குச்சியெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று மின்னியது. இப்போது அடுப்படிப் பரண்மேல் கிடந்து, புகையேறிக் கறுத்திருந்தது.

சொந்தக்காரர்களெல்லாம் வருவார்கள். இப்படியா வைப்பது? அருள்மொழி அதை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டாள். அழுக்கு ஊறட்டும் என்று விட்டுவிட்டு, புல்புல்தாராவைத் துடைக்கப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், உப்பெல்லாம் கரைந்து, வெறும் குச்சிக்கூடுதான் மிதந்தது.

உப்பு கரையும் என்று அவளுக்குத் தெரியாதா? அறிவியலில் அவள்தான் முதல் மார்க். ஆனால் அந்த நேரத்தில் அது உப்பாகவே தோன்றவில்லை, அழுக்குத் தேராகத்தான் தோன்றியது.

வெட்கத்தில் முகம் சுட்டது. தண்ணீரை வேலியோரம் கொட்டினாள். குச்சித் தேரைப் பட்டத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தாள்.

பிரம்மதேசத்திலிருந்து வந்த சித்தப்பா அப்பாதுரை நேராக அங்கேதான் கை வைத்தார்.

"என்னா அண்ணி இது? உப்பையே காணோம்!"

அம்மா திகைத்துப்போனார். பிறகு அருள்மொழியின் தம்பி மணிவண்ணனைப் பார்த்தார். பரண்மேல் ஏறி அந்தத் தேரை நக்கி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவன் அவன்.

"டேய், நக்கியே தீத்துட்டியாடா?"

"நான் இல்லம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். மணி சிரிக்கவில்லை. "அன்னிக்குச் சக்கரத்தை மட்டுந்தாம்மா நக்குனேன். இன்னிக்கு நக்கவே இல்ல," என்று விம்மினான்.

"அப்பா கடைசியா செஞ்சதுடா அது," என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணி ஓவென்று அழுதான்.

அருள்மொழியை யாரும் சந்தேகப்படவில்லை. அவள் பொறுப்பான பிள்ளை ஆயிற்றே! அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அவன் இல்லம்மா. நான்தான்," என்றாள். "அழுக்கா இருந்துச்சின்னு தண்ணில போட்டேன். கரைஞ்சிடுச்சி. ஒளிச்சி வெச்சதும் நான்தான்."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. மணியை இழுத்து அணைத்து, "தப்பா சொல்லிட்டேன்டா கண்ணு," என்று மூக்கைத் துடைத்துவிட்டார்.

பிறகு குச்சித் தேரை எடுத்து நடுவிலேயே வைத்தார். ஒரு பக்கம் பிரித்துப் போட்ட ரேடியோ. மறுபக்கம் வாலில்லாத பட்டம்.

"அண்ணன் எதைத்தான் முழுசா முடிச்சாரு? தேரும் அப்படியே இருக்கட்டும் அண்ணி," என்றார் சித்தப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கியது. அருள்மொழியால் அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படையல் முடிந்ததும் அவள் தேரைத் தூக்கிக்கொண்டு தம்பியிடம் போனாள்.

"மணி, பாத்திக்கு வர்றியா? மறுபடியும் ஊறப் போடலாம்."

அவன் முறைத்தான். "உன்னாலதான் எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சாங்க."

"ஆமாண்டா. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

பிறகு வந்து தேரின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

அப்பாவோடு வேலை செய்த சாலம்மாள் அத்தை உப்பளத்து வரப்பில் எதிரே வந்து நின்றுவிட்டார். "ஐயையோ, உங்கப்பா செஞ்ச தேராச்சே! உப்பெல்லாம் யாரு கரைச்சது?"

அருள்மொழி தலையைக் குனிந்துகொண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் மணி முந்திக்கொண்டான்.

"நாங்கதான் அத்தை!"