ரீபாவுக்கு நாலாயிரம் அஞ்சலி

ரீபா இறந்துவிட்டாள்.

நாலாயிரம் பேர் இரங்கல் தெரிவித்திருந்தார்கள்.

மாலை நான்கு இருபதுக்கு அவளே பாளையங்கோட்டை காவல் நிலையத்துக்குள் நடந்து வந்தாள். எஸ்.ஐ. தங்கத்தாயின் மேஜைமேல் போனை வைத்தாள்.

"என்னைக் கொலை பண்ணப் போறாங்க மேடம்."

இன்ஸ்டாகிராமில் ஓர் அஞ்சலி போஸ்டர். வெள்ளை ரோஜாக்களுக்கு நடுவே சிரிக்கும் ரீபா. வயது இருபத்தொன்று. எம்.எஸ்சி. முதலாண்டு.

'இன்று மாலை 6 மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.'

"மணி இன்னும் நாலரைகூட ஆவலயே."

"ஆமா மேடம்."

"இது எப்ப வந்துச்சு?"

"மத்தியானம் பன்னெண்டுக்கு. ஏதோ பேர் தெரியாத அக்கவுண்ட்."

"ஆறு மணிக்குச் சாகப் போறவளுக்கு மத்தியானமே அழ ஆரம்பிச்சிருக்கானுவ. ஒருத்தனும் நேரத்தப் படிக்கலயா?"

"அவ்வளவு தூரம் யாரும் படிக்க மாட்டாங்க மேடம்."

"ஒனக்கு ஆகாதவங்க யாரும் உண்டா?"

"இல்ல."

"ஃப்ரெண்டு?"

ரீபா யோசித்தாள்.

"ரூம்மேட் ஸ்வீட்லின். ஸ்டடி லீவுக்குக் கங்கைகொண்டான் போயிட்டா. ஹாஸ்டல்ல எங்க மாடில நான் மட்டும்தான்."

தங்கத்தாய் ஸ்வீட்லினை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசுதேன். ரீபா போஸ்டர் பாத்தியா?"

விசும்பல்.

"தாங்க முடியல மேடம்... மூணு ஸ்டோரி போட்டுட்டேன்."

"அவளுக்கு ஒரு போன் போட்டியா?"



"செத்தவளுக்கு எப்படி மேடம் போன் போட?"

தங்கத்தாய் இணைப்பைத் துண்டித்தாள்.

"இவ கொலைகாரி இல்ல. அதுக்கு மூளை வேணும்."

மணி ஐந்து.

ஏட்டு எலியேசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மேடம், கீழ ஒரு பைபிள் வசனம் இருக்கு. இது சாவுக்குப் போடுத வசனம் இல்ல. வாக்குத்தத்த வசனம்லா."

"அப்படின்னா?"

"வருஷப் பிறப்பு ஆராதனைல ஆளுக்கொரு அட்டை எடுப்போம். அந்த வருஷம் பூரா அதுல வந்த வசனம்தான் நமக்கு. ஏம்மா, ஒனக்கு என்ன வந்துச்சு?"

ரீபா மேஜைமேல் இருந்த தன் போனைப் பார்த்தாள்.

போன் உறைக்குள் ஒரு சிறிய அட்டை தெரிந்தது. எலியேசர் உருவினார். அதே வசனம்.

"இத யார்ட்ட காட்டுன?"

"யார்ட்டயும் இல்ல. யாரும் கேக்கல."

தங்கத்தாய் நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போஸ்டர் நீ செஞ்சதுதான."

"ஆமா."

"எதுக்கு?"

"என் போட்டோவுக்குப் பதினேழு லைக் வரும் மேடம். அதுல ரெண்டு நானே போட்டது. வேற அக்கவுண்ட்ல இருந்து. மத்தவங்க சிரிக்கத பாத்துக்கிட்டே கெடப்பேன். சரியாத் தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு. நான் இல்லாட்டி யாராவது தேடுவாங்களான்னு பாத்தேன். நாலாயிரம் பேரு அழுதாங்க. ஒரு போன் வரல."

எலியேசர் தொண்டையைச் செருமினார்.

"பொய்ப் புகார் குடுத்தா என்னாவும் தெரியுமா?"

"பொய் இல்ல சார்."

அவள் குரல் மாறவில்லை.

"ஆறு மணிக்கு ஒருத்தி என்னைக் கொல்லப் போறா. அது நெசம். அவளத் தடுக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான்... புடிச்சுக் குடுக்க வந்தேன்."

எலியேசர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

தங்கத்தாய் ரீபாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமாக.

"சரி. புடிச்சாச்சு."

அப்போதுதான் ரீபா அழுதாள்.

சாத்தான்குளத்தில் அவள் அம்மா பாக்கியவதி டீச்சருக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது. தங்கத்தாய் போனில் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

"ஏட்டி, அந்த மேடம் கையை விடாத. இந்தா, பஸ் ஏறிட்டேன்."

ஜீப் பெரியாஸ்பத்திரிக்குப் போனது.

ஆறு மணிக்கு, மனநல டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மணிக்கட்டு இன்னும் தங்கத்தாயின் பிடியில்தான் இருந்தது.

ஆறு ஒன்று.

ஆறு இரண்டு.

நர்ஸ் ரீபாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் எழுந்தாள். தங்கத்தாயும் கூடவே எழுந்தாள்.

எலியேசர் பெருமூச்சு விட்டார்.

"கொலையாவப் போறவங்க எல்லாரும் இப்படி முன்கூட்டியே வந்து, கொலைகாரியையும் கையோட கூட்டிட்டு வந்தா, நமக்கு எவ்வளவு வேலை மிச்சம் மேடம்."