வழியனுப்பிய சிப்பாய்கள்

ஏழாம் எண் சிப்பாய் மேஜைமேல் நின்றிருந்தான். அவனைக் கிங்ஸ்லி வியாழக்கிழமையே கோயம்புத்தூருக்குக் கூரியரில் அனுப்பியிருந்தார்.

விரல் உயரம்கூட இல்லாத ஈயப் பொம்மை. சிவப்புக் கோட்டு, நெஞ்சில் குறுக்காக இரண்டு வெள்ளைப் பட்டைகள், ஈட்டி முனை செருகிய துப்பாக்கி. கம்பெனிப் படைக்கும் பாளையக்காரர்களுக்கும் நடந்த சண்டையை மேஜைமேல் பகடை உருட்டி விளையாடும் பிரின்ஸுக்காக வர்ணம் தீட்டியது. கிங்ஸ்லி ஒவ்வொரு பொம்மையின் காலடியிலும் எண் எழுதி, நோட்டில் தேதி போட்டுத்தான் அனுப்புவார். கவிழ்த்துப் பார்த்தார். ஏழு. அவர் கையெழுத்தேதான். பூட்ஸ் ஈரமாக இருந்தது.

ஆனிக் காற்று கணவாயிலிருந்து இறங்கி அல்லிநகரத்துத் தகரக் கூரைகளைத் தட்டிக்கொண்டே போக, சாரலில் ஊறிய சுவரின் பூஞ்சை வாடையும் தின்னர் நெடியும் கலந்து அறைக்குள் கனத்துக் கிடக்க, சமையலறையில் ஒரு தட்டு ஆடி ஆடி ஓயும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். மனைவி ஜெபஷீலா இறந்து நாற்பது நாளாகிறது. அவள் இருந்தவரை இந்த வீட்டில் காற்றுச் சத்தம் கேட்டதில்லை. அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தால் போதும், பின்னால் வந்து நிற்பாள்.

"எம் மூஞ்சிய ஒரு நாளாவது இப்பிடி உத்துப் பார்த்திருக்கீகளா?"

மகள் ஜெனிபர் சென்னைக்கு வரச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அம்மாவை இங்கே தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டால் அழுகிறாள்.

போன் அடித்தது. பிரின்ஸ். கோயம்புத்தூரில் இருந்தாலும் சொந்த ஊர் போடி.

"அண்ணாச்சி, பன்னெண்டுன்னு எழுதியிருக்கீக. பெட்டியில பதினொண்ணுதான் கெடக்கு."

"ஏழாம் நம்பர் இங்கன நிக்கிறான் தம்பி."

"சண்டைன்னதும் பய பயந்து ஓடியாந்துட்டான்போல!" என்று சிரித்தான்.

புதன்கிழமை மேஜையில் ஐந்து பேர் நின்றார்கள். அன்று பிரின்ஸ் சிரிக்கவில்லை.

"கண்ணாடி அலமாரியப் பூட்டி சாவிய நான்தான் வச்சிருக்கேன். வெளையாடாதீக அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

கிங்ஸ்லி நோட்டை எடுத்து, எப்போதும் செய்வதில் இந்தமுறை என்ன மாறியது என்று ஒவ்வொன்றாக யோசித்தார். அதே பெயின்ட். அதே பெட்டி. அதே பஞ்சு. ஒன்றுதான் புதிது. டேப் ஒட்டி முடித்ததும், பேச்சுக்கு ஆளில்லாத வாய் தானாக முணுமுணுத்தது: "போயிட்டு வாங்கப்பா." வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்களை வெறுமனே போங்க என்று யார் சொல்வார்கள்? நாக்கே வராது.

சொன்னபடி போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

அந்த நினைப்போடு இன்னொன்றும் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் மண் போட்டபோதும் அதே நாக்குதான். போயிட்டு வா, ஷீலா. பக்கத்தில் நின்ற ஞானபாக்கியம் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, எங்கன நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுற? போன்னு சொல்லு. நிம்மதியாப் போன்னு சொல்லி அனுப்பிரு."

அவரால் சொல்ல முடியவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் மேஜை காலியாக இருந்தது. அலமாரிக்குப் பின்னால் தேடினார். கட்டிலுக்கடியில் தேடினார். சாரல் வலுத்தது. நான்கு மணிக்கே வீடு இருட்டியது. கரண்ட் போனது. டார்ச்சைத் தேடி எடுத்துத் திரும்பினார்.

தரையில் நின்றார்கள். பன்னிரண்டு பேர். இரண்டு வரிசை. நடுவே ஒரு வழி. அவர் காலடியிலிருந்து வாசற்கதவு வரை.

குனிந்து ஒருவனை எடுத்தார். இடுப்புவரை மண். துப்பாக்கியின் ஈட்டி முனை வளைந்திருந்தது. அடுத்தவனுடையதும். எல்லோருடையதும். தோண்டியிருக்கிறார்கள்.

கதவுக்கு வெளியே ஏதோ நனைந்த துணி இழுபட்டது. நின்றது. கதவின் கீழ்ப்பாதியை விரல் ஒன்று சுரண்டியது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

இப்போதாவது சொல்லிவிடலாம். ஒரே எழுத்து. போ. உதட்டைக் குவித்தார். காற்று நின்றிருந்தது. வீடு அவ்வளவு வெறுமையாக இருந்தது.

"வா," என்றார்.

தாழ்ப்பாளை நீக்கியது அவர் கைதான்.

டார்ச் வெளிச்சத்தில், அடக்கத்தன்று கட்டிவிட்ட வெள்ளைச் சேலையில், ஷீலா. அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். வாயிலிருந்து மண் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.