கம்பளத்தின் பின்பக்கம்

விளம்பரத்தில் கம்பளத்தின் முன்பக்கமே இல்லை. மூன்று படங்கள், மூன்றிலும் பின்பக்கம்தான். முடிச்சுகள், வெளிறிய சிவப்பு, ஓரங்களில் இருட்டு. கீழே ஒரே வரி: "விலைக்கு அல்ல. மாற்றிக்கொள்ள மட்டும்."

புருலாய் சிரித்தாள். இணையத்தில் கண்ணில் படும் விசித்திரங்களுக்கு ஒரு வரி நக்கல் சேர்த்து, நண்பன் எமில்பெக்கோடு சேர்ந்து நடத்தும் டெலிகிராம் சேனலில் தினமும் போடுவாள். போன வாரம், விற்க வைத்த சமோவார் தேநீர்க் கொதிகலனின் பளபளப்பில் உள்பனியனோடு பிரதிபலித்த விற்பனையாளர். அதற்கு முன், குளிர்கால டயருக்குக் கிடா தருவதாகச் சொன்னவர். இதற்கு அவள் எழுதியது: "விற்பவர் சுவருக்குள் குடியிருக்கிறார் போல."

உடனே பதில்கள் வந்தன. "எலிகூட வியாபாரத்துல எறங்கிடுச்சு!" "முன்பக்கத்தப் பாக்கணும்னா மாமியாரோட வரணுமாம்!"

ஜன்னல் இடுக்கு வழியாக பிஷ்கெக் நகரத்தின் நிலக்கரிப் புகை கசிந்து உள்ளே வந்து, உலரப்போட்டிருந்த கம்பளிச் சட்டைகளின் ஈர வாடையோடு கலந்து, மஞ்சள் விளக்கைச் சுற்றி மங்கலாக நின்றது. வெப்பக் குழாய் அவ்வப்போது முனகியது. கட்டிலில், குளிர் ஏறாமலிருக்கச் சுவரில் மாட்டிய கம்பளத்தில் முதுகைச் சாய்த்து, அவளுடைய ஐந்து வயது மகள் சாய்கால் ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

புருலாய் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு மூலையில் பச்சை நூல் தையல்.

அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். இலையுதிர் காலத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டையை, சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் பச்சையால் பின்பக்கமிருந்து அவளே தைத்தாள். மறுநாள் கம்பளத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டியவன் எமில்பெக். வேறு யாரும் அதன் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை.

அவன்தான். வேறு யார்? கோபத்தோடு சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு அழைத்தாள்.

"மாட்டறப்போ பின்பக்கத்தப் படம் எடுத்தியா?"

"சுத்தியல் பிடிக்கவே எனக்குக் கை போதலக்கா. விரல நசுக்கிக்கிட்டதுதான் மிச்சம். ஏன்?"

"விளையாடாத. அந்த விளம்பரம் நீ போட்டதுதானே?"

"சத்தியமா இல்லக்கா! இருங்க, பாக்கறேன்." அவன் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது. "அக்கா... நெசவு வழியா மஞ்ச வெளிச்சம் தெரியுதே. உங்க விளக்கு. அப்போ, மாட்டினதுக்கு அப்புறம் எடுத்த படம் இது. பின்னாடி நின்னு."

"பின்னாடி எங்கடா நிக்கறது? நாலாம் மாடி. வெளிச்சுவர்."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கீழ இறங்குங்கக்கா. நான் வர்றேன்."

அவள் அறைக்கு ஓடினாள். சாய்கால் கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள். எலும்புகள் தரையில் சிதறிக் கிடந்தன. புருலாய் அவளை அள்ளி மடியில் வைத்து, அவசரமாகக் காலுறை மாட்டினாள். பாதங்கள் சில்லென்றிருந்தன.

கையில் போன் அதிர்ந்தது. எமில்பெக் விளம்பரத்தையே அனுப்பியிருந்தான். அதில் புதிய படம். அதே முடிச்சுகள், அதே பச்சைத் தையல். ஆனால் இப்போது நெசவுக்கும் சுவருக்கும் நடுவே, இருட்டில், ஒரு சின்னக் கை. விரல்கள் விரிந்து கம்பளத்தின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தன.

கீழே வரி மாறியிருந்தது: "மாற்றியாகிவிட்டது."

புருலாய் நிமிர்ந்தாள்.

கம்பளம் அசைந்தது. நடுவில், கட்டிலுக்குச் சற்று மேலே. உள்ளங்கை அளவுக்கு ஒரு புடைப்பு. அமிழ்ந்தது. மறுபடி எழுந்தது.

"அம்மா." சுவரிலிருந்து. சாய்காலின் குரல். "அம்மா, இங்க இருட்டா இருக்கு."

மடியில் இருந்தது தலையைத் திருப்பிக் கேட்டது. கவனமாக. பிறகு, அவள் பதில் சொல்லிவிடாதபடி, குளிர்ந்த சின்ன உள்ளங்கையால் புருலாயின் வாயைப் பொத்தியது.