கடைசி ஆளின் பதில்

சமயநல்லூரில் ரயிலை விட்டு இறங்கியபோது ஜலாலின் காலில் புது பூட்ஸ் பளபளத்தது. மதுரையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த அவன் அத்தாவுக்கு மூட்டுவலி. அதனால் அந்த வருஷத்து மலைச் சுற்று மகன் தலையில் விழுந்தது. சிறுமலையில் ஏறி, காட்டுக் குடிகளில் தங்கித் தங்கி, கடுக்காய்க்கும் தேனுக்கும் பேசி முடித்து, மறுபக்கமாக இறங்கி வர வேண்டும்.

வழிகாட்ட அந்த ஊர்ப் பேயாண்டி வந்தார். சுமை தூக்க அவருடைய தங்கை புருஷன் முத்திருளன். கிளம்பும்போது முத்திருளனின் மனைவி முத்துத்தாய் கறுப்புக் கம்பளியைப் புருஷன் தோளில் போட்டுவிட்டு, பார்த்துக் கூட்டிவரும்படி ஜலாலிடம்தான் சொன்னாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடிவாரத்தில் பேயாண்டி ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் அடிக்கடி "வாரியா?" என்று கூப்பிடுவார். கடைசியில் வருகிறவர் "வாரேன்" என்பார். பதில் வராவிட்டால் எல்லோரும் நின்றுவிட வேண்டும். நடுவில் இருப்பவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. நடுவில் ஜலால். இதைக்கூடவா செய்ய மாட்டேன் என்று சிரித்தான்.

முதலில் எல்லாம் சுமுகமாகவே நடந்தது. குடிகளில் ராகிக் களி கொடுத்தார்கள், பேரம் படிந்தது. பூட்ஸ் கடித்துக் காலெல்லாம் கொப்புளம். அதை யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் ஜலால் நடந்தான்.

உச்சியைத் தாண்டிய அன்று பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியது.

பகலிலேயே இருட்டிவிட்டது. தன் கை தனக்கே மங்கலாகத் தெரிந்தது. அழுகிய இலை வாடையும் முத்திருளனின் ஈரக் கம்பளி வாடையும் மூக்கில் ஏறின. யுத்த காலம், மண்ணெண்ணெய் கிடைக்காததால் கையில் விளக்கில்லை. வெளிச்சம் போவதற்குள் ஓடைக்கு மேலே இருக்கும் குகைக்குப் போய்விட வேண்டும், கரடி நடமாடும் இடம் என்று பேயாண்டி அவசரப்படுத்தினார்.

பின்னால் கல் உருண்டது. முத்திருளன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"கால் பெரண்டிருச்சு தம்பி. மச்சான்ட்டக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

ஜலால் சரி என்றான். சொல்லத்தான் போனான். அதற்குள் எங்கோ புதரில் எதுவோ உறுமியது. நின்றால் இரவு இங்கேதான். இவன் மலையில் பிறந்தவன் மாதிரி நடப்பவன், நொண்டியாவது வந்து சேர்ந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான்.

முன்னாலிருந்து குரல் வந்தது. "மாப்ள, வாரியா?"

ஜலால் வாயைக் கையால் பொத்தி, குரலைத் தடிப்பாக்கினான்.

"வாரேன்."

குகை வரும்வரை கூப்பிட்டபோதெல்லாம் அவனே பதில் கொடுத்தான்.

குகை வாசலில் பேயாண்டி திரும்பிப் பார்த்தபோது, அவருக்குப் பின்னால் ஜலால் மட்டும் நின்றான். பேயாண்டியின் முகம் வெளிறியது. பதில் வந்துகொண்டே இருந்ததே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தானும் கேட்டதாக ஜலால் சொன்னான். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் தேடும் இடமாவது தெரிந்திருக்கும். வெட்கம் நாக்கைக் கட்டிப்போட்டது. பேயாண்டி கொள்ளிக்கட்டையோடு ஓடைக்கரையெல்லாம் அலைந்துவிட்டு, இடையில் பிடித்த மழையில் அது அணைந்த பிறகு திரும்பினார்.

விடிந்ததும் முத்திருளனைக் கண்டுபிடித்தார்கள். பாறையைத் தாண்டிப் பள்ளத்தில் கிடந்தான். பாறையிலிருந்து பள்ளம் வரை ஒரு கால் இழுபட்ட தடம். கூப்பிட்ட குரல் அவனுக்கும் கேட்டிருக்கும். தனக்குப் பதிலாக வேறொருவன் "வாரேன்" என்றதும் கேட்டிருக்கும். இனி யாரும் நிற்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுந்து நடந்திருக்கிறான். அந்தத் தடத்தைப் பார்க்க முடியாமல் ஜலால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏதோ பேய் பதில் சொல்லி ஏமாத்திருச்சு," என்று பேயாண்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஜலால் மறுக்கவில்லை.

பக்கத்துக் குடி ஆட்கள் கம்பளியில் தூளி கட்டி உடலைச் சுமந்தார்கள். பேயாண்டி முன்னால், தூளி நடுவில், ஜலால் கடைசியில். வெயில் நன்றாக அடித்தது. ஒரு வளைவில் பேயாண்டி பழக்கத்தில் கூப்பிட்டார்.

"வாரியா?"

ஜலால் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்தது.

"வாரேன்."

அவனுக்குப் பின்னாலிருந்து.

அது ஜலாலின் குரல். பொத்திய கைக்குள்ளிருந்து வருவதுபோன்ற தடித்த குரல்.

திரும்பிப் பார்த்தான். வெறும் பாதை. முன்னால் போனவர்கள் யாரும் நிற்கவில்லை. அவன்தான் பதில் சொன்னான் என்று நினைத்திருப்பார்கள். மலை இறங்கும்வரை ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் பதில் வந்தது.

சமயநல்லூரில் அடக்கம் முடிந்த பிறகு, மதுரைக்குக் கிளம்பும் முன் சொல்லிவிடுவது என்று முத்துத்தாயின் வீட்டுக்குப் போனான். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் தலை நிமிர்ந்தாள். அழுது ஓய்ந்த முகம். அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அந்த மரியாதையிலேயே அவன் கூசிப்போனான்.

"அண்ணே கூப்பிட்டப்ப பதில் வந்துச்சாமே தம்பி. அது அவரு குரல்தானா?"

இல்லை, நான்தான் என்று சொல்ல வந்தான். வாய் வேறொன்றைச் சொன்னது.

"அவரு குரல்தான்க்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பொய் அவளுக்கு ஆறுதலாக இருந்ததைப் பார்த்து ஜலால் கூனிக் குறுகினான். அவள் அதே நிலையில், தனக்குள் பேசுவதுபோலக் கேட்டாள்.

"வாரியளா?"

ஈரக் கம்பளி வாடை வீசியது.

"வாரேன்."

முத்துத்தாய் கண்ணைத் திறந்தாள். ஜலாலின் மூடிய உதட்டைப் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது.

"அவரு ஏன் தம்பி உங்க குரல்ல பேசுறாரு?" என்றாள்.