பின்பிடியின் சூடு

அன்று மழை பெய்ததா, மழைக்கு முந்தைய புழுக்கம்தானா என்று அவனால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் எஞ்சின் சில்லென்றிருந்தது. அதில் சந்தேகமில்லை.

மரம் வெட்டுவது அவன் தொழில். பழைய செயின் ரம்பம் வாங்கும்போது எஞ்சினைத்தான் முதலில் தொடுவான். சூடாக இருந்தால், ஆள் வருமுன்பே ஓட்டிவைத்துக் கோளாறை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இது சில்லென்றிருந்தது. திருப்தியோடு தூக்கினான்.

வலது கை பிடிக்கும் பின்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அந்த நொடிவரை இறுகப் பிடித்திருந்து விட்டதுபோல. முன்பிடி குளிர்ந்து கிடந்தது.

"யாரு இதைப் பிடிச்சிருந்தது?" என்று சீறினான்.

"அவரு போனதுக்கப்புறம் யாரும் தொடலைங்க," என்றாள் ரம்பத்தை விற்கும் வீட்டுக்காரி. "ஒத்தக் கையாலதான் ஓட்டுவாரு. சொன்னா கேட்டாத்தானே. அன்னிக்கும் அப்படித்தான் மரத்து மேல..."

அவனோடு வந்திருந்த மைத்துனன் சிரித்தான். "கைப்பிடிக்கெல்லாம் காய்ச்சல் பாக்கறீங்களே மாமா! நாளைக்கு நான் மரம் ஏறணும். எடுங்க."

எரிச்சலோடு மற்றதையும் பார்த்தான். ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுத்தபோது உள்ளே அழுத்தம் முறுக்காக எதிர்த்தது. ஓட்டிப் பார்த்தான்; சங்கிலி ஓடும் தகட்டின் நுனியிலிருந்து, கீழே போட்டிருந்த அட்டைமேல் எண்ணெய் கோடாகத் தெறித்தது. பிரேக் பிடித்தது. வேகத்தைக் குறைத்ததும் சங்கிலி நின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அவனுக்கு ஆத்திரம். வாங்கினான்.

வீட்டில் அவன் மனைவி வழக்கம்போலச் சொன்னாள்: "என் தம்பிய பத்து விரலோட கூட்டிட்டு வரணும்."

"ரெண்டு கையாலயும் பிடிச்சா வருவான்," என்றான். அந்த ஒன்றை மட்டும் திட்டித் திட்டியே மைத்துனனுக்குப் பழக்கியிருந்தான். பையனின் இடது கை முன்பிடியை விட்டால் இவன் வாய்க்கு வந்தபடி ஏசுவான்.

பின்கட்டில் இருந்த சாமான் அறையில் ரம்பத்தை வைத்தார்கள். அங்கே துரு, பெட்ரோல், ஈரச் சாக்கு எல்லாம் சேர்ந்த வாடை. சாயங்காலம் போய்த் தொட்டான். எஞ்சின் குளிர்ச்சி. பின்பிடி சூடு.

"எடுத்து விளையாடினியாடா?"

"சத்தியமா இல்ல மாமா."

எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அறையைப் பூட்டினான். இருட்டத் தொடங்கியதும் திறந்து பார்த்தான். பின்பிடி இன்னும் சூடாக இருந்தது; வியர்வை பட்டதுபோல் பிசுபிசுத்தது. இன்னொரு சாவி மைத்துனனிடம்தான் இருந்தது.

அவனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மைத்துனனைச் சட்டையோடு பிடித்து இழுத்துவந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே தள்ளினான். "உண்மையச் சொல்ற வரைக்கும் உள்ளயே கிட!"

பூட்டிவிட்டுக் கதவோரம் நின்றான். கூரைத் தகரங்கள் சூடு தணிந்து ஒவ்வொன்றாய்ச் சொடுக்கிட்டன. பிறகு அதுவும் அடங்கியது. உள்ளே, மெதுவாக, மிக மெதுவாக, கயிறு இழுபடும் சத்தம். அழுத்தம் பார்ப்பவன் இழுப்பதுபோல. பிளக் இல்லாத எஞ்சினில் அழுத்தம் ஏது?

"மாமா. நான் இல்ல மாமா."

"நல்லா நடிடா!"

"மாமா, கதவத் திறங்க. யாரோ என் கையப் பிடிச்சு..."

மறுபடி கயிறு. மறுபடி.

எஞ்சின் உறுமியது.

சட்டைப்பையைத் தொட்டான். பிளக் இருந்தது. சாவியைத் தேடினான். சாவி விழுந்தது. உறுமல் கீச்சென்று உயர்ந்தது. எதையோ அறுக்கும் சத்தம். நின்றது.

திறந்தான். யாருமில்லை. ஜன்னலில்லாத அறை. மரமே இல்லாத அந்த அறையில், தரை முழுக்கத் தூள். ஈரத் தூள்.

ரம்பத்தை விற்றவள் வீட்டைக் காலி செய்துவிட்டாள். மைத்துனன் இன்றுவரை கிடைக்கவில்லை. மனைவி அவனோடு பேசுவதில்லை; தம்பியின் தட்டை மட்டும் தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அவன் தொழிலை விட்டுவிட்டான். ரம்பம் அந்த அறையிலேயே இருக்கிறது. சாயங்காலமானால் போய்த் தொட்டுப் பார்க்கிறான். எஞ்சின் சில்லென்றிருக்கும். பின்பிடி சூடாக இருக்கும்.

இப்போது முன்பிடியும்.