சமையலறைப் பொத்தான்

11 ஆகஸ்ட் 2071, செவ்வாய்.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். டி-14 வீட்டில் சமையலறைப் பலகைக்குப் படுக்கையறை விளக்கின் முகவரியைக் கொடுத்துவிட்டேன். சமையலறையில் அழுத்தினால் படுக்கையறையில் எரியும். பேருந்தில் திரும்பும்போதுதான் கவனித்தேன். காரணம்: பட்டியலை ஒருமுறைதான் சரிபார்த்தேன். நாளை வகுப்புக்கு முன் போய்த் திருத்த வேண்டும்.

கோமகள் பேனாவை மூடினாள். பிறகு மறுபடி திறந்து, ‘சிறு’ என்ற சொல்லை மட்டும் அடித்தாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. அவள் பிறந்த வருடத்தில்தான் கோயம்புத்தூர்ச் சுவர்களிலிருந்து சுவிட்சுகள் மறையத் தொடங்கின. முன்னொளி வந்துவிட்டிருந்தது. கூரை மூலையில் தேங்காய்ச் சில் அளவுக்கு ஒரு கருவி. அது பேச்சுச் சத்தத்தைக் கேட்கும், உடம்புச் சூட்டை உணரும், உங்களுக்கு எந்த விளக்கு வேண்டும் என்பதை நீங்கள் நினைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடும். வீட்டுக்குள் காமிரா வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் அதற்குக் காது உண்டு, கண் கிடையாது. சனங்கள் இருட்டில் சுவரைத் தடவுவதையே மறந்துபோனார்கள். எப்போதாவது முன்னொளி பழுதானால் குடும்பமே நின்ற இடத்தில் நின்று, கூரையைப் பார்த்துச் செருமும்.

பகலில் கோமகள் சரவணம்பட்டி அடுக்ககங்களில் லிஃப்ட் பார்க்கும் வேலை செய்தாள். மாலையில் ஒளியமைப்புப் பட்டய வகுப்பு. கடைசிப் பருவத்துக்கு ஒரு செய்முறை உண்டு: முன்னொளியால் சரியாக விளக்கேற்ற முடியாத ஒரு வீட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். கோமகள் ஆறு பொத்தான்கள் கொண்ட சுவர்ப் பலகை ஒன்றின் வரைபடத்தைக் காட்டியபோது, பக்கத்து மேசைத் தினகரன் சத்தமாகவே சிரித்தான்.

“சுவிட்சா? அடுத்தது என்ன, அரிக்கேன் விளக்கா?”

வகுப்பே சிரித்தது. அன்றைய குறிப்பேட்டில் அவள், ‘தினகரன் சொல்வது சரியாகவும் இருக்கலாம்’ என்று எழுதி வைத்தாள்.

டி-14 அவளுக்குக் கிடைத்தது ரேடியோவால். நான்காவது மாடியில் லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டிலிருந்து செய்தி அறிக்கை காது கிழியும்படி வந்துகொண்டிருந்தது. போய்த் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரும் குடியிருப்போர் சங்கச் செயலாளருமான பத்மாவதி வெளியே வந்தார்.

“தட்டி என்ன பிரயோசனம், கண்ணு? அந்த ஊட்ல ரெண்டு பேருக்குமே காது கேக்காது.”

“அப்புறம் ரேடியோ எதுக்குங்க?”

“அதைத்தான் நாங்களும் ஆறு மாசமாக் கேட்டுட்டு இருக்கறோம்.”

விடை எளியது, ஆனால் யாரும் உள்ளே போய்க் கேட்கவில்லை. கோமகள்தான் அவர்கள் கதவைத் திறக்கும்வரை காத்திருந்து கேட்டாள். அந்த வீட்டு வடிவும் அவள் கணவன் தங்கவேலும் கைகளால் பேசுகிறவர்கள். அவர்கள் எவ்வளவு காரசாரமாகப் பேசினாலும் முன்னொளிக்கு அது மௌனம். அசையாத இரண்டு உடம்புகள், பேச்சு இல்லை, ஆகவே தூக்கம் என்று முடிவுகட்டி, ஏழரை மணிக்கெல்லாம் விளக்கை மங்கவைத்துவிடும். கை தெரியாவிட்டால் அவர்களுக்குப் பேச்சே இல்லை. பாதி வாக்கியத்தில் வாயைப் பொத்துவது போலத்தான் அது. அதனால்தான் ரேடியோ. அது பேசிக்கொண்டிருக்கும் வரை விளக்கு எரியும். விளக்கு எரியும் வரை இவர்கள் பேசலாம்.

சங்கம் நோட்டீஸ் கொடுத்துவிட்டது: ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் ரேடியோ நிற்க வேண்டும், இல்லையேல் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஆக, செவ்வாய்க்கிழமை கோமகள் மாட்டிய மூன்று பலகைகளும் பட்டயத்துக்கு மட்டும் மாட்டியவை அல்ல. பொத்தான் சொல்வதை முன்னொளி மீற முடியாதபடி அவள் அமைத்திருந்தாள். சமையல், சாப்பாடு, படிப்பு, ஓய்வு, அணை, ஆறாவதாகப் ‘பேச்சு’. அதை அழுத்தினால் நிழல் விழாத வெள்ளை ஒளி கைகளின்மேல் நிலையாக நிற்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு நிறம். எல்லாம் சரி, சமையலறை முகவரியைத் தவிர.

புதன்கிழமை அவள் டி-14க்குப் போனபோது ரேடியோ ஓடவில்லை. வடிவு கதவைத் திறந்து, இவள் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தாள். மறுநொடி சமையலறைக்கு ஓடி, பலகைமேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டாள்.

“அக்கா, அது தப்பா மாட்டினதுங்கக்கா. ரெண்டே நிமிஷத்துல மாத்திடறேன்.”

வடிவின் மணிக்கட்டில் பெயர்ப்பி வளையல் இருந்தது. எதிராளி பேசுவதை எழுத்தாகக் காட்டும். கையசைவைப் படித்துப் பேச்சாக்கும். ஆனால் அதன் குரல் ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரல். தமிழும் அப்படியே.

“தயவுசெய்து பலகையிலிருந்து விலகி நிற்கவும்,” என்றது வளையல். வடிவின் முகத்தைப் பார்த்தால் அவள் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. “மீறினால் உங்கள் விரல் இங்கேயே தங்கிவிடும்.”

கோமகள் திருப்புளியைப் பைக்குள் போட்டாள். தங்கவேல் சிரித்துக்கொண்டே வந்து, தன் வளையலை மாட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னான்.

முந்தைய நாள் மாலை வடிவு தோசைக்கல்லை வைத்துவிட்டுச் ‘சமையல்’ பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஆத்திரத்தில் ஆறு பொத்தான்களையும் மாறி மாறிக் குத்தினாள். உள்ளே படுத்திருந்த தங்கவேலுக்கு அறை வெள்ளையாக, மஞ்சளாக, நீலமாகப் பளிச்சிட்டது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தான். வந்து பார்த்தால் பெண்டாட்டி தோசைக் கரண்டியோடு சுவரை முறைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தோசை கருகிப் போனது. கருகல் நாற்றம் வந்த பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்கிறது.

“கல்யாணமாகிப் பதினோரு ஆண்டுகள்,” என்றது தங்கவேலின் வளையல், அதே அறிவிப்புக் குரலில். “இன்றுவரை இவள் வேறு அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டதில்லை. வந்து தோளைத் தொட வேண்டும். அல்லது தரையை உதைக்க வேண்டும். கீழ்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். நேற்றுதான் முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.”

“வளையல் அதிராதுங்களா, அண்ணா?”

“வங்கி அதிரவைக்கிறது. வேலை பார்க்கும் வார்ப்படச்சாலை அதிரவைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுவேன். தவிர, அறிவிப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு யாராவது பெண்டாட்டியோடு சண்டை போடுவார்களா?”

கோமகள் அந்தப் பலகையை இன்னொரு முறை பார்த்தாள். இருந்தாலும் அவள் கோமகள்தானே. “இல்லைங்கண்ணா, இது பிழை. சமையலறையில வெளிச்சமே வராது. அறிக்கையில நான் என்னன்னு எழுதறது?”

வடிவு சுவரை விட்டு விலகாமலே ஒரு கையை மட்டும் அசைத்தாள். “பிழை என்று உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளவும். சுவரில் அப்படியே விடவும்.”

“எனக்கும் ஒன்று,” என்றான் தங்கவேல். “படுக்கையறைப் பலகையையும் தப்பாக மாட்டித் தரவும். நான் பதில் சொல்ல வேண்டாமா?”

வகுப்புக்கு அவள் அன்று போகவில்லை. அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து யோசித்தாள். தொட்டு எடுத்தால் தன் அறை விளக்கு. அழுத்திப் பிடித்தால் அந்தப் பொத்தானின் நிறம் வேறு அறைக்குப் போகும். எந்த அறைக்கு என்பதைப் பிடிக்கும் நேரம் சொல்லும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழையை வேண்டுமென்றே செய்தாள். இந்த முறை பட்டியலை மூன்று தடவை சரிபார்த்தாள். எந்த நிறம் எத்தனை தடவை மின்னினால் என்ன அர்த்தம் என்பதை வடிவும் தங்கவேலும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பத்மாவதி, சங்கத்துக்காரர்கள் ஆறு பேரோடு டி-14க்குள் நுழைந்தார். ரேடியோ துணி போர்த்தி மூலையில் இருந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. சண்டைக்கு இடுப்பில் சொருகி வந்த முந்தானையை என்ன செய்வதென்று தெரியாமல் பத்மாவதி சோபாவில் உட்கார்ந்தார். பலகை பழுதானால் பேசிப் பார்க்கலாம் என்று கோமகளும் ஒரு ஓரமாக நின்றிருந்தாள்.

தங்கவேல் சமையலறையில் இருந்தான். வடிவு கூடத்துப் பலகையில் மஞ்சளை ஏழு முறை அழுத்திப் பிடித்தாள். சற்று நேரத்தில் கூடத்து விளக்கு இரண்டு தடவை நீலமாகவும் ஒரு தடவை நீளமாக வெள்ளையாகவும் மின்னியது.

“இது என்னங்க?” என்றார் பத்மாவதி.

“ஏழு காப்பி கேட்டேன்,” என்றது வளையல். “பால் போதாது, வந்தவர்களைச் சீக்கிரம் பேசி அனுப்பவும் என்கிறார்.”

பத்மாவதிதான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்தப் பலகையையே வெகுநேரம் பார்த்தார்.

“எம் பையன் இருக்கறானே, காதுமணியைக் கழட்டறதே இல்லீங்க. எந்நேரமும் காதுக்குள்ள ஏதோ பாடிட்டே இருக்குது. சோத்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எந்தொண்டைதான் வத்திப்போச்சு. செய்தி அனுப்புனாப் பாக்காத மாதிரியே இருந்துக்கறான்.” அவர் கோமகள் பக்கம் திரும்பினார். “சுவத்தைப் பாக்காத மாதிரி இருக்க முடியாதுல்ல? எங்க ஊட்லயும் ஒண்ணு மாட்டு, கண்ணு.”

“மாட்டலாங்க. ஆனா அது முதல்ல தப்பா மாட்டினதுங்க.”

“அந்தத் தப்பையே மாட்டு.”

நோட்டீஸ் அன்றைக்கே கிழிபட்டது. பத்மாவதியே கிழித்து, குப்பைக்கூடை எங்கே என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைக் கோமகளின் குறிப்பேடு நம்பிக்கையில்லாமலே பதிவு செய்திருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் டி தொகுதி முழுக்க. தீபாவளிக்குள் சரவணம்பட்டி. பட்டயத் தேர்வில் தேர்வாளர் பலகையின் குறைகளைக் கேட்டபோது, அவள் பதினொன்றை வரிசையாகச் சொன்னாள். பன்னிரண்டாவதை யோசிப்பதற்குள் அவர் முதலிடம் என்று எழுதிவிட்டார். பொங்கலுக்குள் நாற்பதாயிரம் வீடுகள். தினகரன் அவள் புதிதாகத் தொடங்கிய பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்து, “அரிக்கேன் விளக்கு எப்போ ஆரம்பிக்கறோம், முதலாளியம்மா?” என்று தினமும் கேட்டான்.

காது கேட்கிறவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாக அமைதியாகின. சாப்பிட வா, கதவைத் திற, கோபமா, மன்னித்துவிடு, எல்லாமே விளக்கில். ஆனால் பாவம், அவர்களுக்கு உச்சரிப்பு வரவில்லை. ‘வா’ என்பதற்குப் பதில் ‘வாந்தி’ என்று மின்னினார்கள். வடிவு துணி வெட்டும் வேலையை விட்டுவிட்டு ஒளிப்பேச்சு வகுப்பு தொடங்கினாள். அறுபது மாணவர்கள். முதல் நாள் அவள் வளையல் அறிவித்தது: “காது கேட்பவர்கள் மெதுவாகத்தான் கற்பார்கள். மனம் தளர வேண்டாம்.”

முன்னொளிதான் திண்டாடியது. எந்த வீட்டிலும் குரல் இல்லை. ஏழு மணிக்கே ஊர் மொத்தமும் தூங்கிவிட்டது என்று முடிவு செய்து விளக்குகளை மங்கவைத்தது. நாற்பதாயிரம் குடும்பங்களும் ‘பேச்சு’ பொத்தானை அழுத்தி அதன் தலையில் குட்டின. கடைசியில் முன்னொளி செய்கிறவர்களே பட்டறைக்கு வந்து, தங்கள் கருவியோடு சேர்த்து விற்க இந்தப் பலகை கிடைக்குமா என்று கேட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு மாலை வடிவிடமிருந்து அழைப்பு வந்தது. உடனே வா, சங்கதி இருக்கிறது.

கோமகள் போனபோது டி-14இன் ஜன்னல்களில் போர்வைகள் தொங்கின. வடிவு இரண்டு கண்களையும் உள்ளங்கைகளால் பொத்தி உட்கார்ந்திருந்தாள். இரைச்சல் தாளாதவர்கள் காதைப் பொத்துவார்களே, அதே மாதிரி. தங்கவேல் ஒரு போர்வையை விலக்கிக் காட்டினான்.

எதிரே சி தொகுதி. எண்பது ஜன்னல்கள். எண்பதும் மின்னிக்கொண்டிருந்தன. மஞ்சள், நீலம், வெள்ளை. இரண்டாவது மாடியில் ஒரு மாமியார் மருமகள் வழக்கு. ஐந்தாவது மாடியில் ஒருவர் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போயிருந்தார். கடைசி ஜன்னலில் யாரோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, தப்பான உச்சரிப்பில்.

“ஒரே சத்தம்,” என்றது வடிவின் வளையல். பிறவியிலேயே காது கேளாத வடிவு அந்தச் சொல்லைக் கையால் சொன்னது இதுதான் முதல் தடவை என்று தங்கவேல் பிறகு சொன்னான். “அடுத்த வீட்டு வம்பெல்லாம் என் வீட்டுக்குள் வருகிறது. எங்கள் ரேடியோ உங்களுக்கு இப்படித்தான் இருந்ததா?”

“இதைவிட மோசங்கக்கா. அது செய்தி வேற.”

வடிவு கையை எடுத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த தாளை நீட்டினாள். சங்கத்துக்குப் புகார். அன்றைக்கு இவர்களுக்கு வந்த நோட்டீஸின் வாசகம் அச்சு அசலாக. ரேடியோ என்றிருந்த இடத்தில் மட்டும் விளக்கு. அதை அவள் ஏற்கெனவே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாளாம். பதிலுக்குத்தான் காத்திருக்கிறாளாம்.

கூடத்து விளக்கு மின்னியது. இரண்டு வீடுகளுக்கும் நடுவே இணைப்புக் கொடுத்திருந்தார்கள். நீலம், நீலம், மஞ்சள், நீண்ட வெள்ளை. பத்மாவதியின் உச்சரிப்பு இப்போது நன்றாகத் தேறியிருந்தது.

“என்ன சொல்றாங்க?” என்றாள் கோமகள்.

“ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்கிறார்.”

வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தம் வராத, ஆனால் உடம்பெல்லாம் குலுங்குகிற சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பலகையில் ஏதோ நீளமாக அழுத்தினாள். எதிர்வீட்டிலிருந்து பத்மாவதி வாய்விட்டுச் சிரிப்பது கதவைத் தாண்டிக் கேட்டது. பல மாதங்களாக அந்த மாடியில் கேட்ட முதல் சிரிப்புச் சத்தம் அதுதான். கூரை மூலையில் முன்னொளி திடுக்கிட்டு விழித்து, விளக்கைக் கொஞ்சம் கூட்டியது.

10 ஏப்ரல் 2072, ஞாயிறு.

என் பிழை ஒன்று. வெளிச்சத்துக்குச் சத்தம் கிடையாது என்று எண்ணியிருந்தேன். காரணம்: வடிவு அக்காவைக் கேட்கவில்லை.

நாளை: ஏழாவது பொத்தான். அதை அழுத்தினால் வீட்டு ஒளி ஜன்னலைத் தாண்டக் கூடாது. முதலில் டி-14இன் ஜன்னலை அளக்க வேண்டும். இரண்டுமுறை. அளவு டேப்பை இப்போதே பையில் வைக்க வேண்டும்.