பதினொரு நிமிடத்துச் சாயல்

ஜெனிபா என்பது அவள் பெயர். பேறுகாலப் பயிற்சி மனையில் மூன்றாம் ஆண்டு மாணவி. முழங்கைவரை இருமுறை கழுவாமல் எந்தக் குழந்தையையும் தொடமாட்டாள். தொட்டபின், அது யார் சாயல் என்று சொல்லாமல் தாயிடம் கொடுக்கவும் மாட்டாள். "மூக்கு அப்பாவோடது, பிடிவாதம் உங்களோடது" என்று அவள் சொல்லக் கேட்டு, வலி மறந்து சிரித்த தாய்மார் அவ்வட்டாரத்தில் பலர்.

அன்று நண்பகல், துயர்வடிப்பி என்னும் கருவி இருந்த அறையின் வாயிலில் அவள் காத்திருந்தாள். காலையில் அவள் கையிலேயே ஒரு பெண்சிசு இறந்திருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் அக்கருவியின் நாற்காலியில் அமர்ந்து, நடந்ததை ஒருமுறை நினைத்தால் போதும். நினைவு இளகி நிற்கும் அவ்வேளையில் கருவி அதன் பாரத்தை மட்டும் உறிஞ்சிவிடும். செய்தி எஞ்சும்; வேதனை எஞ்சாது. இக்கருவி வருமுன், மாணவியர் உறக்கமிழந்தனர். தட்டு விழும் ஓசைக்கே திடுக்கிட்டனர். மூவரில் ஒருவர் படிப்பைக் கைவிட்டார். இப்போது எவரும் விலகுவதில்லை. நாற்காலியில் அமராதவளுக்கு, பார்த்த பேறுகளைப் பதியும் பேற்றேட்டில் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையேல் பட்டமும் இல்லை.

"தங்கச்சி, ஜெனிபாங்கிறது நீதானா?"

நாற்பது நாளைக்கு முன் இங்கே தலைப்பிள்ளையை இழந்த முப்புடாதி வந்து நின்றாள்.

"ஆமாக்கா. உக்காருங்க."

"உக்கார வரல. எம்மவன் யாரு சாயல்னு கேக்க வந்தேன்."

ஜெனிபா தயங்காமல் சொன்னாள்: "ஆண் குழந்தை. ரெண்டு கிலோ நூறு கிராம். பதினோரு நிமிஷம் உயிரோட இருந்துச்சு."

"அது தாள்ல இருக்கு. நானே படிச்சுட்டேன். கண்ணத் தொறந்தானா? தலையில முடி இருந்துச்சா? டாக்டருங்க எல்லாரும் என்னயத்தான் பாத்துட்டு நின்னாங்களாம். எம் புருசன் துணிய வெலக்கிக்கூடப் பாக்கல. எனக்கு மயக்கம் தெளியுமுன்ன அடக்கமும் ஆயிருச்சு. அவன வச்சிருந்தது நீ மட்டுந்தான்."

ஜெனிபா தேடினாள். எடை கிடைத்தது; நேரம் கிடைத்தது. முகம் இருக்கவேண்டிய இடம் வெள்ளையடித்த சுவராக இருந்தது. முகம் நினைவில் நிற்பது பாரத்தைப் பற்றிக்கொண்டுதான்; அன்று அவள் நாற்காலியில் பாரத்தை விட்டபின் நாளடைவில் முகமும் போயிருந்தது. இப்படி ஆகுமா என்று எவரும் சோதித்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்தவளிடம் எடையும் நேரமும் மட்டுமே கேட்கப்பட்டன. அவற்றைச் சரியாகச் சொன்னவள் தேறியவள்.

'உங்க சாயல்தான்' என்று ஒரு பொய் நாவின் நுனிவரை வந்தது.

"நீ அன்னைக்கு ரொம்ப அழுதேன்னு பெருக்குற அக்கா சொன்னா. அழுத பிள்ள நல்லாப் பாத்திருப்பாளேன்னு நம்பி வந்தேன்."

பொய் உள்ளேயே அடங்கிற்று. "எனக்கு ஞாபகம் இல்லக்கா."

முப்புடாதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு மயக்க மருந்து குடுத்தாங்க. உனக்கு என்னத்தக் குடுத்தாங்க?"

மறுமொழிக்கு நில்லாமல் போய்விட்டாள்.

கதவு திறந்தது. பயிற்சித் தலைவி தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். "ஏ பிள்ள, இன்னும் அரைமணி நேரந்தான் இருக்கு. வா."

"மேடம், நீங்க எத்தன தடவ உக்காந்திருக்கீங்க?"

"நானூறுக்கு மேல. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" தங்கபுஷ்பம் சிரித்தாள். அவள் முகத்தில் ஒரு நிழலும் இல்லை.

காலைச் சிசுவின் குளிர்ந்த விரல்கள் இன்னும் ஜெனிபாவின் கட்டைவிரலைப் பற்றியிருந்தன. உள்ளே சென்றால் அவை விட்டுவிடும்.

"நான் உக்காரல மேடம்."

"கையெழுத்துப் போடமாட்டேன். மூணு வருசப் படிப்பும் போயிரும், தெரியும்லா?"

"தெரியும் மேடம். காலையில பிள்ளய இழந்த ஏழாம் நம்பர் கட்டில் அம்மாவுக்கு இன்னும் மயக்கம் தெளியல. முழிச்சதும் பிள்ளயப் பத்திக் கேப்பாங்க. நான் அங்க போய் இருக்கேன்."